பருத்திக் காட்டின் தையற்சிட்டு

கரிசற் சீமையில் காடு என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. திருவில்லிப்புத்தூருக்கு மேற்கே மரங்கள் அடர்ந்து நிற்பதை மலை என்றே சொல்லிவிடுகிறோம். மானாவாரிப் புஞ்சையைத்தான் காடு என்கிறோம். பருத்திக் காடு, சோளக் காடு, மிளகாய்க் காடு என்னும்போது நம் மனத்தில் மரம் நிற்பதில்லை. கருமண்ணும் வரப்பும் வேலியுமே நிற்கின்றன. ஆகையால் பூச்சி தின்னும் சிறு காட்டுப் பறவைகளைப் பற்றி எழுதப் புகுந்த நாம், சூலக்கரையையும் அதனை அடுத்த ஊர்களையும் சேர்ந்த அங்கத்தினர்களின் காடுகளிலிருந்தே தொடங்குகிறோம்.

கூட்டுறவு இதழில் குருவிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பயிர்க்கடனில் ரொக்கமாக வழங்கப்படும் பகுதி ஒன்று. உரமாகவும் பூச்சிமருந்தாகவும் வழங்கப்படும் பகுதி மற்றொன்று. கடன் பதிவேட்டில் பூச்சிமருந்துக்கு ஓர் இடம் இருக்கும் வரையில், பூச்சியைத் தின்னும் எந்த உயிருக்கும் இவ்விதழில் ஓர் இடம் இருக்கலாம் என்பதே நம் விடை.

அமெரிக்கக் கண்டங்களில், கானடா தொடங்கி அர்ஜென்டினா வரையில், கொசுபிடிப்பான் என்று பொருள்படும் பெயரைப் பெற்ற ஒரு பறவைக் குடும்பம் வாழ்கிறது. அவற்றுள் நன்கறியப்பட்டதான நீலச்சாம்பல் கொசுபிடிப்பானின் எடை சுமார் 6 கிராம், அதாவது முக்கால் பவுன். பெயர்தான் கொசுபிடிப்பானே ஒழிய, கொசு அதன் உணவில் சிறு பங்கே. இலைகளுக்கிடையே ஊரும் சிறு பூச்சிகளும் சிலந்திகளுமே அதன் ஆகாரம். சிலந்தி நூலால் பிணைத்து, மரப்பாசியை வெளியே ஒட்டிக் கிண்ணம் போன்ற கூடு கட்டும். அக்குடும்பத்தின் பறவை ஒன்றேனும் நம் நாட்டில் இல்லை. ஆனால் அது அங்கே செய்யும் வேலை இங்கே நடைபெறாமல் இல்லை. சாம்பல் கதிர்க்குருவி, மாம்பழச்சிட்டு, விசிறிவாற்குருவி எனப் பல சிறு பறவைகள் அதனைப் பங்கிட்டுக் கொண்டிருக்கின்றன. அவற்றுள் நெசவாளருக்கும் விவசாயிக்கும் ஒருங்கே உறவு கொண்டாடத் தக்கது தையற்சிட்டு.

இதனைப் பாராதவர் நம்மில் இல்லை. பெயர் சொல்லத் தெரிந்தவரே குறைவு. சிறிய பறவை எதுவாயினும் தேன்சிட்டு என்று சொல்லிவிடுவது நம் பக்கத்து வழக்கம். தையற்சிட்டின் முதுகு மங்கலான பச்சை, வயிறு வெண்மை, நெற்றியும் உச்சியும் துருவேறிய இரும்பின் நிறம். வாலை எப்பொழுதும் நிமிர்த்தி வைத்திருக்கும். எடை 6 முதல் 10 கிராம் வரையில் இருக்கும். குரலோ உடம்புக்குச் சற்றும் பொருந்தாதது. வேலிக்குள் நின்று ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப உரக்கக் கூவுவதைக் கேட்டால், ஏதோ பெரிய பறவை ஒளிந்திருக்கிறது என்றே தோன்றும்.

இலையைத் தைத்துக் கூடு கட்டுவதே இதன் சிறப்பு. பூவரசு, அத்தி, எலுமிச்சை, கத்தரி போன்றவற்றில் உயிரோடு தொங்கும் அகன்ற இலை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அலகினால் இலையின் இரு விளிம்புகளிலும் நுண்ணிய துளைகள் இட்டு, பஞ்சிழையையோ நாரையோ சிலந்தி நூலையோ அவற்றின் வழியே இழுத்துச் சேர்க்கும். ஓர் இலை போதாவிடில் இரண்டு மூன்று இலைகளைக் கூட்டித் தைக்கும். துளை மிகச் சிறிதாகையால் இலை கருகுவதில்லை. இலையின் மேற்புறமே வெளியே அமையும்படி மடிப்பதால், பச்சை இலைகளுக்கிடையே மற்றொரு பச்சை இலையாகவே கூடு தோன்றும். உள்ளே எருக்கம் பஞ்சு, இலவம் பஞ்சு, பருத்தி ஆகியவற்றை மெத்தையாக இடும்.

சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றி, 1862 முதல் 1864 வரையில் இந்தியப் பறவைகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட ஜெர்டன், இக்குருவி இழையின் நுனியில் முடிச்சுப் போடுகிறது என்று எழுதினார். அவருக்குப் பின் இலங்கையில் இதன் கூடுகளை நுணுகிப் பார்த்த கண் மருத்துவர் கேஸி உட், முடிச்சு என்பது கிடையாது என்று காட்டினார். துளையில் இழுத்த பஞ்சிழை மறுபுறத்தில் பிரிந்து பூவாக விரிந்து கொள்கிறது; விரிந்த பஞ்சு துளைக்குள் திரும்புவதில்லை; அதுவே தையலைப் பிடித்து நிறுத்துகிறது. ஆணி அறைந்து இருபுறமும் தட்டி மடக்குவது போன்றது அது. அறுந்த பாவிழையை நாள் முழுதும் முடிந்து முடிந்து கைவலி கண்ட அருப்புக்கோட்டை நெசவாள அன்பர்கள், முடிச்சில்லாமல் வேலையை முடிக்கும் இத்தொழிலாளியைக் கண்டு சற்றுப் பொறாமை கொள்வதில் தவறில்லை. தறிவீட்டுக் கழிவுப் பஞ்சைப் பொறுக்கிச் செல்வதற்கு அது ரசீது கொடுப்பதில்லை என்பதையும் தணிக்கையாளர் என்ற முறையில் குறித்து வைக்கிறோம்.

இனி விவசாயிகளின் பக்கம் வருவோம். கிணற்றுப் பாசனத் தோட்டம் ஒன்றில், கத்தரிச் செடியில் இத்தகைய கூடு ஒன்றை நாம் கண்டதுண்டு. தோட்டக்காரர் நம்மைவிட இருபது வயது மூத்தவர்.

“அண்ணாச்சி, இந்த இலையைப் பார்த்தீர்களா?” என்றோம்.

“புழு சுருட்டின இலைன்னு கிள்ளிப் போடத்தான் கை வச்சேன் சார். உள்ளே வாயைத் திறந்துக்கிட்டு மூணு குஞ்சு இருந்துச்சு. விட்டுட்டேன்” என்றார்.

அவர் கவனித்தார், கவனியாதவர் பலர். பருத்தியிலும் கத்தரியிலும் இலைசுருட்டுப் புழு விழுந்தால், சுருண்ட இலைகளைக் கிள்ளி அழிக்க வேண்டுமென்று சொல்லப்படுகிறது. அது சரியான யோசனையே. ஆயினும் கூலிக்குக் களையெடுக்க வந்தவர்கள் வேகமாகக் கிள்ளிச் செல்லும்போது, குருவிக் கூடுகளும் உடன் போய்விடுகின்றன. வேறுபாடு கண்டுகொள்ள எளிது. புழு சுருட்டிய இலைக்குள் வலைபோன்ற மெல்லிய நூலும் கரிய எச்சமும் இருக்கும். இலையும் தின்னப்பட்டு ஓட்டையாக இருக்கும். குருவி தைத்த இலை முழுமையாக இருக்கும். விளிம்பில் வரிசையாக வெண்பஞ்சுப் பொட்டுகள் தெரியும். வேலையாட்களிடம் காலையில் ஒரு சொல் சொல்லி வைத்தால் போதுமானது.

அதே அண்ணாச்சி மற்றொரு கேள்வியும் கேட்டார். “முக்கால் பவுன் குருவி எத்தனை புழு தின்னும் சார்? மருந்துக் கடன் அதனால் குறையுமா?”

இதற்கு நேர்மையாக விடை கூற வேண்டும். பறவைகளைப் பற்றி எழுதுவோர் சிலர், பறவை இருந்தால் பூச்சியே இராது என்பது போல் எழுதிவிடுகிறார்கள். அது மிகைக்கூற்று. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பருத்திக் காய்க்குள் புகுந்து விதையைத் தின்பது. காயைப் பிளந்து அதனை எடுக்கத் தையற்சிட்டினால் ஆகாது. நன்கு வளர்ந்த பச்சைக் காய்ப்புழுவும் அதன் அலகுக்குப் பெரிது. அது கரிச்சானுக்கும் மைனாவுக்கும் உரிய இரை. தையற்சிட்டு எடுப்பவை இலையடியில் இருக்கும் சிறு வண்டுகளும், சாறுறிஞ்சும் பூச்சிகளும், அப்பொழுதுதான் பொரித்த சிறு புழுக்களுமே. பயிருக்கு நன்மை செய்யும் சிலந்தியையும் அது விட்டுவைப்பதில்லை. பூச்சி வெள்ளம்போல் பெருகிவிட்ட பிறகு நூறு தையற்சிட்டுகள் வந்தாலும் பயனில்லை. பெருகுவதற்கு முன்பு, ஒவ்வொரு நாளும், ஒவ்வோர் இலையாகப் பார்த்து எடுப்பதே அதன் வேலை. மருந்துக் கடன் முழுவதையும் அது நீக்காது. இத்தனை ரூபாய் குறையும் என்று எவரேனும் தொகை சொன்னால் அதனை நம்ப வேண்டாம். ஒரு தெளிப்பைத் தள்ளிப்போட அது துணை செய்யக்கூடும் என்பதே நாம் கூறத்துணிவது.

அந்த ஒரு தெளிப்பு அற்பமன்று. 2002-ஆம் ஆண்டில் நம் நாட்டில் பி.டி. பருத்திக்கு அனுமதி தரப்பட்டபோது, இனிக் காய்ப்புழுவுக்கு மருந்தே வேண்டாம் என்று பலர் மகிழ்ந்தனர். 2010-இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல்வகைப் பி.டி. பருத்தியைத் தாங்கி வாழப் பழகிவிட்டது தெரியவந்தது. தத்துப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ முதலிய சாறுறிஞ்சிகளையோ பி.டி. பருத்தி முதலிலிருந்தே தடுக்கவில்லை. மருந்து மீண்டும் ஏறியது. 2017-இல் மராட்டிய மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக 20 பேருக்கு மேல் நஞ்சேறி மாண்டனர். தோளில் தெளிப்பானைச் சுமப்பவர் நம் ஊர்களிலும் முகமூடியின்றியே செல்வதை நாம் பார்க்கிறோம். தவிர்க்கத்தக்க தெளிப்பைத் தவிர்ப்பதால் கடனும் குறையும். அந்த மனிதருக்கும் ஆபத்து ஒருமுறை குறையும்.

குருவியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு இன்னும் கடுமையானது. தையற்சிட்டு பெரும்பாலும் 3 முட்டைகள் இடும். அடைகாக்கும் காலம் சுமார் 12 நாள். குஞ்சு பொரித்துப் பறக்கச் சுமார் 14 நாள். ஆக 26 நாள். செம்போத்து, ஓணான், எலி, பூனை ஆகியவற்றுக்குத் தப்பியே இந்நாட்களைக் கடக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கணக்கு வைத்து மருந்து தெளிக்கப்படும் தோட்டத்தில், இந்த 26 நாளுக்குள் ஒரு தெளிப்பு நிச்சயம். இரண்டு தெளிப்பு நேர்வதும் அரிதன்று. மருந்து குஞ்சின் மேல் நேராகப் பட வேண்டும் என்பதுமில்லை; தாய் கொண்டுவரும் இரை தீர்ந்துவிட்டாலே போதும். நெதர்லாந்தில் 2014-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதற்குச் சான்று. இமிடாகுளோப்ரிட் என்ற மருந்து நீர்நிலைகளில் லிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேற்பட்டுக் காணப்பட்ட இடங்களில், பூச்சி தின்னும் பறவைகள் ஆண்டுக்குச் சராசரி 3.5 விழுக்காடு குறைந்து வந்தன என்று அதில் கண்டனர். சாறுறிஞ்சும் பூச்சிகளுக்காக நம் பருத்திக் காடுகளில் விதைநேர்த்திக்கும் தெளிப்புக்கும் பயன்படுவது அதே மருந்துதான். ஐரோப்பிய ஒன்றியம் திறந்தவெளிப் பயிர்களில் அதன் உபயோகத்தை 2018-இல் தடுத்துவிட்டது.

நாட்காட்டியைப் பார்த்துத் தெளிப்பதை விட்டுச் செடியைப் பார்த்துத் தெளிக்க வேண்டும் என்று வேளாண்மைத் துறையினர் நெடுநாளாகச் சொல்லி வருகின்றனர். பருத்தியில் 50 இலைகளை எடுத்துப் பார்த்து 50 தத்துப்பூச்சிக் குஞ்சுகளுக்குக் குறைவாக இருந்தால் அதற்கென மருந்து தேவையில்லை. மொட்டு, பூ, காய்களில் நூற்றுக்குப் பத்துக்குக் குறைவாகச் சேதமிருந்தால் காய்ப்புழுவுக்கென மருந்து தேவையில்லை. அந்த எல்லைக்குக் கீழே உள்ள பூச்சிதான் குருவியின் பங்கு. அதனையும் நாம் மருந்தால் எடுத்துக்கொண்டால் குருவி வேறிடம் தேடிச் செல்லும்; எல்லை தாண்டும் நாளில் நம்மோடு நிற்பது மருந்துக் கடை மட்டுமே. சங்கமே மருந்து விற்கிறது, விற்பனை குறைந்தால் சங்கத்துக்கு நஷ்டமன்றோ என்று நிர்வாகக் குழுவினர் சிலர் எண்ணலாம். அங்கத்தினருக்கு வேண்டாத சரக்கை விற்று வரும் லாபம், அவரது தவணை பாக்கியாகத் திரும்பி வரும் என்பது நாம் பல பேரேடுகளில் கண்ட உண்மை.

பறவை உட்காரக் காட்டில் குச்சி நடும் வழக்கம் சில அங்கத்தினர்களிடம் வந்திருக்கிறது. ஏக்கருக்கு 20 என்ற கணக்கில் நடச் சொல்கிறார்கள், நல்ல வழக்கம். ஆனால் அது கரிச்சானுக்கு உதவுமேயன்றித் தையற்சிட்டுக்கு உதவாது. கரிச்சான் உயரத்திலிருந்து பார்த்துப் பாய்வது. தையற்சிட்டோ மறைவில் தாவித் திரிவது. அதற்கு வேண்டியது வேலி.

வேலியின் நிலைமைதான் நமக்குக் கவலை தருகிறது. கிளுவையும் கள்ளியும் சங்கஞ்செடியும் ஆவாரையும் கலந்து, நடுவே பூவரசும் நொச்சியும் எழுந்து நின்ற பழைய வேலிகள் அருகிவிட்டன. பல இடங்களில் கம்பி வேலி. மற்ற இடங்களில் சீமைக்கருவேலம். சீமைக்கருவேலத்தைக் கரிமூட்டத்துக்கு விற்றுக் காசு பார்ப்போர் அதனை விட மனமில்லாதிருப்பது நமக்குத் தெரியும். அதில் குருவி ஒளியவும் செய்யலாம். ஆனால் அதன் இலை புளியிலையினும் சிறிது. தைப்பதற்கு இலை இல்லாத வேலியில் தையற்காரருக்கு என்ன தொழில்?

எல்லாப் பறவைகளும் அழிந்து வருகின்றன என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதற்கும் நாம் உடன்படவில்லை. நாடு முழுவதும் பறவை பார்ப்போர் தந்த குறிப்புகளைத் தொகுத்து 2023-இல் வெளியிட்ட அறிக்கையில், சாம்பல் கதிர்க்குருவி நன்கு பெருகி வரும் பறவைகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. எங்கும் வாழப் பழகிய பறவை தழைக்கிறது. குறிப்பிட்ட இடமும் இரையும் வேண்டும் பறவை தளர்கிறது. மேற்கே மலையில் வாழும் மின்சிட்டு முதலியவற்றுக்கு அரசாங்கத்தின் காவல் இருக்கிறது. திருவில்லிப்புத்தூர் நரைநிற அணில் சரணாலயம் 1988-இல் ஏற்பட்டது. 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கப்பட்டது. புஞ்சை வேலிக்கு வனக்காவலர் வருவதில்லை. அதன் காவல் இருபுறத்து நிலக்காரர்களிடமே இருக்கிறது.

இருபுறத்து நிலக்காரர் என்ற சொல்லில்தான் சங்கத்தின் வேலை தொடங்குகிறது. வேலி ஒருவருடையதாக இருப்பதில்லை. ஒருவர் பாதுகாத்து மற்றவர் தீயிட்டால் வேலி நில்லாது. ஒருவர் மருந்தை நிறுத்தி மற்றவர் காற்று வீசும் மாலையில் தெளித்தால், எல்லைக்கல்லை மருந்தும் அறியாது, குருவியும் அறியாது. அமெரிக்காவில், நாம் முன்பு கூறிய கொசுபிடிப்பான் குடும்பத்தின் ஒரு பறவை விஷயமாக இதே சிக்கல் எழுந்தது. கலிபோர்னியாவின் தென்கடற்கரைப் புதர்நிலங்களில் வாழ்ந்த கலிபோர்னியக் கொசுபிடிப்பான், அப்புதர்கள் வீட்டு மனைகளாக மாறி வந்ததால் அருகியது. 1993-இல் அமெரிக்க அரசு அதனை ஆபத்துக்குள்ளான பறவை என்று அறிவித்தது. நிலத்தின் விலையோ மிக உயர்வு, உடையவர்களோ பலர். எந்தப் புதரை விடுவது, எந்த இடத்தில் வீடு கட்டுவது என்று நிலவுடைமையாளர்களும் உள்ளூர் ஆட்சியினரும் வனவிலங்குத் துறையினரும் ஒன்றாக அமர்ந்து திட்டமிடுவதற்கு அம்மாநிலம் 1991-இலேயே சட்டம் செய்திருந்தது. அச்சட்டத்தின் வழியே கூட்டுத்திட்டங்கள் வகுக்கப்பட்டன. எல்லாரும் திருப்தியடைந்தனர் என்று சொல்வதற்கில்லை, வழக்குகளும் நடந்தன. ஆயினும் 6 கிராம் பறவைக்காகப் பல நிலக்காரர்கள் ஒரே வரைபடத்தின் முன் அமர்ந்தார்கள்.

கூடிச் செய்வதெல்லாம் நன்மையாகிவிடாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 1958-இல் சீனாவில் ஊர் ஊராக மக்கள் திரண்டு, தகரத்தைத் தட்டி உட்கார விடாமல் விரட்டிச் சிட்டுக்குருவிகளைக் கொன்றார்கள். குருவி தின்னும் தானியத்தைக் கணக்கிட்டவர்கள், குஞ்சுக்கு அது ஊட்டும் புழுவைக் கணக்கிடவில்லை. பூச்சி பெருகவே, 1960-இல் சிட்டுக்குருவியின் பெயரை நீக்கி அவ்விடத்தில் மூட்டைப்பூச்சியின் பெயரை எழுதினார்கள். வரவை விட்டுச் செலவை மட்டும் எழுதிய பேரேடு அது.

நம் தமிழ்நாட்டிலேயே வேறு வகைக் கூட்டுச் செயலும் உண்டு. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் 1977 முதல் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதனை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் தங்கும் பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. சிவகாசிப் பட்டாசினால் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த நம் வட்டாரத்தில் இதனை எடுத்துச் சொல்வது சிலருக்குச் சிரிப்பை விளைக்கலாம். நாம் கேட்பது அவ்வளவு பெரிய தியாகமன்று. வேலி வெட்டும் மாதத்தை மாற்றுவதே நாம் கேட்பது.

தையற்சிட்டு ஆண்டின் பல மாதங்களில் கூடு கட்டுமாயினும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களே அதற்கு முக்கியமானவை. விதைப்புக்கு முன் காட்டைச் சுத்தம் செய்கிறோமென்று நம்மவர் வேலியில் அரிவாள் வைப்பதும் பெரும்பாலும் ஆவணியில்தான். அவ்வேலையைத் தை மாதத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஆண்டில் வேலி முழுவதையும் வெட்டாமல் ஒரு பக்கத்தை விட்டுவைக்கலாம். சீமைக்கருவேலத்தை எடுப்பவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விடாமல், கிளுவைப் போத்தையும் பூவரசம் போத்தையும் மாற்றி மாற்றி நடலாம். இரண்டும் போத்திலிருந்தே துளிர்ப்பவை. நாற்றுச் செலவு இல்லை. அடுத்தடுத்த நிலக்காரர்கள் இருவரும் சேர்ந்து சங்கத்தில் பெயர் கொடுத்தால், ஒரே நாளில் இருபுறமும் நட்டுவிட ஏற்பாடு செய்வது செயலாளருக்குப் பெரிய காரியமன்று. போத்து முழங்கையளவு மண்ணுக்குள் போக வேண்டும். வெட்டிய நுனியில் சாணி அப்பி வைக்க வேண்டும். ஐப்பசி முதல் மழைக்கு ஒரு வாரம் முன்பு நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையும் இராது.